மணலினின்று மீண்ட வரலாறு

எந்த விளையாட்டிலும் ஆடுவோனுக்கு எதிர் நிற்பவன் ஒருவன் உண்டு. மல்லனுக்கு எதிர் மற்றொரு மல்லன். பந்தடிப்பவனுக்கு எதிர் பந்து வீசுபவன். ஆனால் கோல்ப் என்னும் ஆட்டத்தில் எதிர் நிற்பது நிலம். உடன் ஆடுவோர் எத்துணைப் பேர் இருப்பினும், ஒருவர் பந்தை மற்றொருவர் தடுப்பதில்லை. தடுப்பன எல்லாம் புதரும், நீரும், காற்றும், மணலுமே ஆகும். அவற்றுள்ளும் மணலே பழைய பகை.

ஆட்டத்தின் அமைப்பை அறியாதார்க்கு ஒரு சொல் கூறிவிடுவோம். பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள் அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கம்பளம் விரித்தாற்போல் ஒட்ட வெட்டிய பசுந்திடல் ஒன்று இருக்கும். நெடுந்தொலைவிலிருந்து மட்டையால் ஒரு சிறு பந்தை அடித்து அடித்துக் கொண்டுவந்து, முறையே ஒவ்வொரு குழியிலும் வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர். வழியிலும் பசுந்திடலின் ஓரத்திலும் மணல் நிறைந்த பள்ளங்கள் வாய் திறந்து காத்திருக்கும். இவற்றைப் ‘பங்கர்’ என்பர். ஸ்காட்லாந்து மக்கள் வழக்கில் பெட்டியையும் பெட்டி போன்ற இருக்கையையும் குறித்த பழஞ்சொல்லே இவ்வாறு நிலத்திலுள்ள பள்ளத்துக்குப் பெயராயிற்று.

அப்பள்ளத்தில் வீழ்ந்த பந்தை வெளியே மீட்கும் கலை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதே இப்பேச்சின் பொருள். பொருள் சிறிதுதான். ஆயினும் ஓர் இடையூறு எவ்வாறு பிறக்கிறது, அதனை வெல்ல மனிதன் எவ்வாறு கருவி செய்கிறான், அக்கருவிக்குச் சட்டம் எங்கே எல்லை இடுகிறது, கருவி கைக்கு வந்த பின்னரும் எது எஞ்சி நிற்கிறது என்னும் நான்கு வினாக்களுக்கும் இச்சிறு வரலாற்றில் விடை உண்டு.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் கழனிக்கும் இடையே மணற்பாங்கான நிலம் நெடுகக் கிடக்கிறது. ஏரோட்டிப் பயிர் செய்ய அது தகுதியற்றது. குறும்புல் மட்டும் முளைக்கும். ஆடு மேய்ப்பாரும் பொழுது போக்குவாருமே அதனை நாடினர். அங்கே கோல்ப் வளர்ந்தது. வட கடலிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு அஞ்சிச் செம்மறியாடுகள் மேட்டின் மறைவில் ஒதுங்கிக் கிடக்கும். அவை கிடந்து கிடந்து புல் தேய்ந்து மணல் வெளிப்பட்டது. முயல் வளைகள் சரிந்து பள்ளம் பெருகியது. காற்று அப்பள்ளத்தை மேலும் அகழ்ந்தது. மரபாகச் சொல்லப்பட்டு வரும் மணற்பள்ளத்தின் பிறப்பு வரலாறு இதுவே. ஆட்டத்துக்கென்று முதலில் எவரும் பள்ளம் தோண்டவில்லை. இயற்கை வைத்த இடையூற்றை மனிதன் ஏற்றுக்கொண்டு, அதனையே ஆட்டத்தின் சுவையாக்கினான். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பழைய திடலில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளங்கள் உள்ளன. ஒன்றுக்கு நரகம் என்று பெயர். சிலவற்றுக்குச் சவப்பெட்டிகள் என்று பெயர். பெயரிட்டவர்கள் அடைந்த துன்பம் அப்பெயர்களிலேயே விளங்கும்.

இவ்வாட்டத்தின் பழமைக்குச் சான்று அதனைத் தடுத்த சட்டமே ஆகும். 1457இல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்சின் நாடாளுமன்றம், மக்கள் வில்வித்தை பயிலாமல் காற்பந்திலும் கோல்ப்பிலும் காலம் கழிக்கின்றனர் என்று கண்டு அவ்விரண்டையும் தடை செய்தது. மக்களோ ஆட்டத்தை விட்டாரில்லை. எழுதப்பெற்ற விதிகள் வரப் பின்னும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1744இல் எடின்பரோ நகரையடுத்த லீத் என்னும் ஊரில் ஒரு போட்டிக்காகப் பதின்மூன்று விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, பந்தை அடிக்கும் வசதிக்காகக் கல்லையோ எலும்பையோ அகற்றலாகாது, சீரான புல்தரையின்மேல் மட்டுமே அகற்றலாம் என்பது. நிலம் எவ்வாறு கிடக்கிறதோ அவ்வாறே ஏற்று ஆடு என்பது அதன் உட்பொருள். இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. தொப்பி நிறையும் அளவு இறகுகளை நனைத்து, தோலுறைக்குள் திணித்துத் தைப்பார்கள். தேர்ந்த கைவினைஞரும் ஒரு நாளில் மூன்று நான்கு பந்துகளே செய்ய முடியும். ஆகவே பந்தின் விலை மிகுதி. இரும்பு மட்டையால் தவறாக அடித்தால் தையல் கிழிந்து இறகு பறக்கும். இதனால் பெரும்பாலும் மரமட்டைகளே வழங்கின. இரும்பு மட்டை, மணலிலும் வண்டித்தடத்திலும் பந்து சிக்கிய பொழுது மட்டுமே வெளிவரும். பருத்த தலையும் குழிந்த முகமும் கொண்ட அவ்விரும்பு, மட்டை என்பதைவிட மண்வெட்டிக்கே நெருங்கிய உறவு உடையது. அதனைக் கையில் எடுப்பவர், பந்து மீண்டாலும் முழுதாய் மீளுமோ என்ற ஐயத்துடனேதான் எடுத்தார்.

1848ஆம் ஆண்டளவில் ஒரு மாறுதல் நேர்ந்தது. மலேயாக் காட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பிசினால் பந்து செய்யக் கற்றனர். அது மலிவானது, இரும்பால் அடித்தாலும் கிழியாதது. இறகுப் பந்து செய்து வாழ்ந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ஆலன் ராபர்ட்சன் புதிய பந்தை வெறுத்தார். அவரிடம் தொழில் பயின்ற டாம் மாரிசோ அதனை ஏற்றார். அதனால் இருவர்க்கும் மனவேறுபாடு உண்டாயிற்று. எனினும் மலிவான பந்தே வென்றது. பந்துக்கு அஞ்ச வேண்டாமையால் இரும்பு மட்டைகள் பெருகின. மணலுக்கும் கெட்ட இடங்களுக்கும் உரியதாக ‘நிப்ளிக்’ என்னும் இரும்பு மட்டை நிலைபெற்றது. அதன் முகம் மிகவும் சாய்ந்திருக்கும். பந்தை உயரத் தூக்குவதற்கு அச்சாய்வு உதவியது.

ஆயினும் மணல் இன்னும் பணியவில்லை. காரணம் யாது? நிப்ளிக்கின் அடி மெல்லியது, முன்விளிம்பு கூரியது. ஏர்க்கொழு மண்ணைக் கிழித்து உள்ளே இறங்குவது போல அது மணலுக்குள் இறங்கிப் புதைந்துவிடும். பந்துக்குச் சற்றுப் பின்னே மணலில் அடித்தால் மட்டை புதையும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். புதையுமே என்று அஞ்சி, மணலைத் தொடாமல் பந்தை மட்டும் நறுக்கென்று எடுக்க முயன்றால், நூலளவு பிழை நேர்ந்தாலும் பந்து பசுந்திடலைத் தாண்டிப் பறந்துவிடும். மணலோடு சேர்த்துப் பந்தை வாரி எறியும் அடியை வல்லவர்கள் சிலர் அறிந்திருந்தனர். ஆனால் அவர்கள் கைக்கும் அது நாள்தோறும் வாய்ப்பதன்று.

இதற்கு ஒரு சான்று கூறலாம். 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் பிரிட்டிஷ் ஓபன் என்னும் பெரும் போட்டி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பாபி ஜோன்ஸ் அதில் ஆடினார். அவருக்கு அப்பொழுது வயது 19. மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் செலவாயின. பத்தாம் குழிக்கு ஆறு அடிகள். பதினோராம் குழியில் பந்து மணற்பள்ளத்தில் வீழ்ந்தது. அங்கே அடித்து அடித்துச் சலித்த இளைஞர், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டு விலகினார். அச்செயலுக்காக அவர் வாழ்நாளெல்லாம் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல் தம் சினத்தை அடக்கப் பழகினார் என்பதே பெருமை. 1927இல் அதே திடலில் அதே போட்டியை வென்றார். 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றது. அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே.

இனிக் கருவியின் கதைக்கு வருவோம். 1928இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த எட்வின் மக்லேன் என்பவர் ஒரு புதிய மணல் மட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் முகம் கரண்டி போலக் குழிந்திருந்தது; அடிப்பாகம் கனத்திருந்தது. 1930இல் ஹொய்லேக் திடலில் நடந்த ஓபன் போட்டியின் இறுதிச் சுற்றில், பதினாறாம் குழியருகே ஜோன்ஸின் பந்து மீண்டும் மணலில் சிக்கியது. பள்ளத்தின் கரையை ஒட்டிப் பந்து கிடந்தமையால் இயல்பாக நின்று அடிக்கவும் இடமில்லை. ஹார்ட்டன் ஸ்மித் என்னும் ஆட்டக்காரர் தமக்குத் தந்திருந்த குழிமுக மட்டையை ஜோன்ஸ் எடுத்தார். பந்து வெளியேறி, பசுந்திடலில் உருண்டு, குழிக்குச் சில அங்குலத்தில் நின்றது. இரண்டே அடி வேற்றுமையில் அவர் வென்றார். அவ்வாண்டின் நான்கு பெரும் போட்டிகளையும் ஒருவராகவே வென்ற அவருடைய அருஞ்செயலில் அவ்வொரு மணல் அடிக்கும் பங்கு உண்டு.

ஆனால் 1931இல் குழிமுக மட்டை விதிக்குப் புறம்பானது என்று விலக்கப்பட்டது. குழிந்த முகம் ஒரே வீச்சில் பந்தை இருமுறை தொடக்கூடும் என்பது காரணம். பந்தை அடிக்க வேண்டுமேயன்றி அள்ளி எறியலாகாது என்பது இவ்வாட்டத்தின் பழைய கொள்கை. கருவி எவ்வளவு பயனுடையதாயினும், ஆட்டத்தின் இயல்பை மாற்றுமாயின் அதற்கு இடமில்லை என்று சட்டம் எல்லை வகுத்தது.

கதவு ஒன்று அடைபட்ட அந்நேரத்தில் மற்றொரு கதவைத் திறந்தவர் ஜீன் சாரசன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய தச்சர் ஒருவரின் மகன் அவர். 1902இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். யூஜினியோ சாரசேனி என்பது பெற்றோர் இட்ட பெயர். அது வயலின் வாசிப்பவர் பெயர்போல் ஒலிக்கிறது என்று தாமே மாற்றிக்கொண்டார். இருபது வயதிலேயே அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்ற அவ்வீரருக்கும் மணற்பள்ளம் ஒரு தீராத கவலையாகவே இருந்தது.

ஒருநாள் அவர் ஹோவர்ட் ஹியூஸ் என்னும் செல்வருடன் விமானத்தில் பறந்தார். வானூர்தி மேலே எழும்பொழுது அதன் வால் கீழ்நோக்கித் தாழ்வதைக் கண்டார். மட்டையின் பின்பகுதியும் இவ்வாறு தாழ்ந்திருப்பின் அதன் முன்விளிம்பு மணலில் புதையாமல் மேலெழும் அன்றோ என்னும் எண்ணம் அப்பொழுது பிறந்ததாக அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். பிளாரிடா மாநிலத்து நியூ போர்ட் ரிச்சி என்னும் ஊரில், தம் நிப்ளிக்கின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டினார். மணலில் அடித்துப் பார்த்தார், அரத்தால் தேய்த்தார், மறுபடி ஒட்டினார், மறுபடி அடித்துப் பார்த்தார். இவ்வாறு முயன்று முயன்று பருத்த அடியுடைய புதிய மட்டையை உருவாக்கினார்.

இதன் நுட்பத்தைச் சற்று விளங்கிக்கொள்வோம். கொழுவுக்கு மாறாகப் பரம்புப் பலகையை எண்ணிப் பாருங்கள். உழுத வயலைச் சமன் செய்யும் அப்பலகை மண்ணைக் கிழிப்பதில்லை. மண்ணின்மேல் வழுக்கிச் செல்கிறது. சாரசனின் மட்டையில் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தது. ஆகவே மணலில் முதலில் படுவது பருத்த அடிப்பாகமே. அது மணலைத் தள்ளிக்கொண்டு, மேலோட்டமாக வழுக்கிப் பந்தின் அடியில் புகுந்து வெளியேறும். பந்துக்கு ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னால் மணலில் அடிக்க வேண்டும். மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. எழுந்து பறக்கும் மணலே பந்தைச் சுமந்துகொண்டு வெளியே எறிகிறது. கோல்ப் ஆட்டத்தில் பந்தை அடிக்காமலே பந்தைச் செலுத்தும் அடி இது ஒன்றே எனலாம். எது சிறைப்படுத்தியதோ அதுவே விடுவிக்கும் ஊர்தியும் ஆயிற்று.

இந்த அடியில் மற்றொரு நன்மையும் உண்டு. பந்தை நேரே அடிக்கும்பொழுது நூலளவு பிழையும் கேடு தரும். மணலை அடிக்கும்பொழுதோ அரை அங்குலம் முன்பின் ஆனாலும் பந்து வெளியேறும். ஆனால் வீச்சில் தயக்கம் கூடாது. அஞ்சிப் பாதியில் கையை நிறுத்தினால் மணல் மட்டையை விழுங்கிவிடும். மணல் உலர்ந்து இளகியிருக்கிறதா, மழையில் நனைந்து இறுகியிருக்கிறதா என்பதையும் காலடியிலேயே உணர வேண்டும். இறுகிய மணலில் பருத்த அடி தெறித்து எழும்பிப் பந்தின் நடுவில் பட்டுவிடும். மணலுள் பாதி புதைந்த பந்துக்கோ வழுக்கும் விளிம்பு பயன்படாது. கூரிய விளிம்பையே திருப்பி ஆழ இறக்க வேண்டும். கருவி ஒன்றாயினும் அதனை ஆளும் அறிவு பலவாறாகும்.

1932இல் சாரசன் அம்மட்டையுடன் இங்கிலாந்து சென்றார். சாண்ட்விச் என்னும் ஊரின் பிரின்சஸ் திடலில் ஓபன் போட்டி நடந்தது. போட்டிக்கு முன்னரே அதனைக் கண்டால் அதிகாரிகள் விலக்கிவிடுவர் என்று அவர் அஞ்சினார். பயிற்சி நாட்களில் மட்டையின் தலை தெரியாதவாறு பையில் தலைகீழாகச் செருகி வைத்தார். இரவில் மேலங்கிக்குள் மறைத்து விடுதிக்கு எடுத்துச் சென்றார். போட்டி தொடங்கிய பின்னரே அதனை வெளிப்படுத்தினார். நான்கு சுற்றுக்களையும் 283 அடிகளில் முடித்து, அடுத்தவரை ஐந்து அடிகளால் வென்றார். அவ்வாண்டே அமெரிக்க ஓபன் போட்டியிலும் வென்றார். குழிந்த முகத்தை விலக்கிய சட்டம், தட்டையான முகத்தையும் பருத்த அடியையும் கொண்ட இம்மட்டையில் குற்றம் காணவில்லை. 1933இல் வில்சன் நிறுவனம் அதனைச் செய்து விற்கத் தொடங்கியது. இன்று உலகில் கோல்ப் ஆடுவோர் பையில் உள்ள மணல் மட்டைகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே.

கருவி வந்தது, இடையூறு ஒழிந்ததா? ஒழியலாகாது என்று கருதியவர்களும் இருந்தனர். பென்சில்வேனியா மாநிலத்தின் ஓக்மான்ட் திடலில், மணலைச் சமன் செய்வதற்கு மாறாகக் கனத்த வாரிகளால் இரண்டு அங்குல ஆழத்துக்குச் சால் சாலாகக் கீறி வைக்கும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவியது. பிழை செய்தவன் அதன் பயனை அடைந்தே தீர வேண்டும் என்பது அத்திடலை அமைத்தவர்களின் கொள்கை. இடையூறு தண்டனையாக இருக்க வேண்டுமா, அறிவைச் சோதிக்கும் வினாவாக இருக்க வேண்டுமா என்ற வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளங்களோ எவ்வழக்குக்கும் காத்திராமல் தம் தொழிலைச் செய்து வந்தன. 1978இல் ஜப்பானிய வீரர் டாமி நகாஜிமா பதினேழாம் குழியின் பசுந்திடலை இரண்டே அடிகளில் அடைந்தார். அங்கிருந்து மெல்லத் தட்டிய பந்து, திடலின் சரிவில் உருண்டு, ‘ரோடு பங்கர்’ என்னும் பள்ளத்தில் வீழ்ந்தது. அதனை மீட்க நான்கு அடிகள் ஆயின. அக்குழிக்கு மொத்தம் ஒன்பது. 1995இல் உலகப் புகழ்பெற்ற ஜாக் நிக்லாசுக்கு நரகம் என்னும் பள்ளத்தினின்று வெளியேற நான்கு அடிகள் வேண்டியிருந்தன. அக்குழிக்கு அவர் பத்து அடிகள் எழுதிக்கொண்டார். 2003இல் சாரசன் வென்ற பிரின்சஸ் திடலுக்கு அடுத்தே உள்ள இராயல் செயின்ட் ஜார்ஜஸ் திடலில், முன்னணியில் இருந்த டென்மார்க்கு வீரர் தாமஸ் பியோர்ன் பதினாறாம் குழியருகே மணலில் சிக்கினார். இருமுறை வெளிவந்த பந்து இருமுறையும் சரிவில் உருண்டு அவர் காலடிக்கே திரும்பிற்று. முடிவில் ஒரே அடியால் அவர் பட்டத்தை இழந்தார். இம்மூவர் கையிலும் புதிய மட்டை இருந்தது. ஆகவே கருவி மட்டும் போதாது என்பது தெளிவு. 2000இல் டைகர் உட்ஸ் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் நான்கு சுற்றுக்களிலும் ஒருமுறையேனும் மணலில் வீழாமல் வென்றார். மீளும் கலையினும் வீழாமற் காக்கும் கலை பெரிது என்பதற்கு அதுவே சான்று.

இனி விதியைப் பற்றி ஒரு சொல். மணலில் நிற்பவர் அடிக்கும் முன் மட்டையைப் பந்தருகே மணலில் ஊன்றலாகாது. அவ்வாறு ஊன்றினால் இரண்டு அடிகள் தண்டம். 2010இல் அமெரிக்காவின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் திடலில், டஸ்டின் ஜான்சன் என்பவர் கடைசிக் குழியில் மக்கள் மிதித்துக் கிடந்த ஓரிடத்தில் மட்டையை ஊன்றினார். அது மணற்பள்ளம் என்று அவர் கருதவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பள்ளங்கள் கொண்ட அத்திடலில் அதுவும் ஒரு பள்ளமே என்று நடுவர் தீர்ப்பளித்தனர். பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் சேரும் வாய்ப்பை அவர் இழந்தார். அறியாமல் செய்த பிழைக்கும் விதி இரங்கவில்லை. அவரும் தீர்ப்பை ஏற்று அகன்றார். 2019இல் விதிகள் சற்றே இளகின. மணற்பள்ளத்தில் கிடக்கும் கல்லையும் சருகையும் அகற்றலாம் என்றாயிற்று. பந்து மீட்க முடியாதவாறு கிடந்தால், இரண்டு அடிகள் தண்டம் ஏற்றுப் பள்ளத்துக்கு வெளியே வைத்து ஆடலாம் என்றும் ஆயிற்று. 1744இல் கல்லைத் தொடாதே என்று தொடங்கிய விதி 275 ஆண்டுகளில் இவ்வளவே நெகிழ்ந்தது. மணலில் மட்டையை ஊன்றலாகாது என்னும் விதியோ அசையாமல் நிற்கிறது.

சாரசன் 1999 வரை வாழ்ந்தார். அவருடைய முதுமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்போம். 1973இல் ஸ்காட்லாந்தின் ட்ரூன் திடலில் ஓபன் போட்டி நடந்தது. அவருக்கு வயது 71. அங்குள்ள எட்டாம் குழியின் பசுந்திடல் மிகச் சிறியது. அதனால் அதற்கு அஞ்சல் தலை என்று பெயர். முதல் நாள் அவர் ஒரே அடியில் பந்தை அக்குழிக்குள் வீழ்த்தினார். கண்டோர் அதனை நல்லூழ் என்றனர். மறுநாள் அதே குழியில் அவர் பந்து மணற்பள்ளத்தில் வீழ்ந்தது. முதியவர் பள்ளத்துள் இறங்கினார்; மணலை அடித்தார். மணல் எழுந்தது, பந்தும் எழுந்து திடலில் இறங்கி உருண்டு குழிக்குள் மறைந்தது. முதல் நாள் அடியை ஊழ் என்று கொள்ளலாம். இரண்டாம் நாள் அடியோ, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஈயத்தை உருக்கி, அரத்தால் தேய்த்து, நாளெல்லாம் மணலில் நின்று பயின்ற ஒருவரின் உழைப்பு விளைந்த பயன்.

மாணவ நண்பர்களே! இடையூறு எதிர்ப்பட்டபொழுது அதனைச் சபித்து விலகுவதும் உண்டு. அதன் இயல்பை ஆராய்ந்து, அதனையே துணையாக்கி மீள்வதும் உண்டு. மணலைச் சினந்து அடித்தவர் கையில் மட்டை புதைந்தது. மணலின் தன்மையை அறிந்து அடித்தவருக்கு மணலே பந்தைத் தூக்கிக் கொடுத்தது.